ஏழு நகர்த்தலில் ஒரு வியூகம்

குழந்தைக்குக் காய்கள் நகரும் விதம் தெரிந்தாயிற்று. குதிரை எங்கே தாவும், பிஷப் எப்படிக் குறுக்கே ஓடும், ராஜாவையும் யானையையும் சேர்த்து நகர்த்தும் கேஸ்லிங் எப்போது செல்லும் என்பதெல்லாம் விரல்நுனியில் இருக்கிறது. பெற்றோரையும் பள்ளி ஆசிரியரையும் திணறடிப்பது அடுத்து வரும் கேள்விதான். வெள்ளைக் காய்கள் கைக்கு வந்தால் முதல் பத்து நகர்த்தலை எப்படி ஆடுவது?

இந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்பதை எண்ணிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். முதல் நகர்த்தலில் வெள்ளைக்கு 20 வழிகள் உண்டு. எட்டுச் சிப்பாய்களும் ஒரு கட்டமோ இரண்டு கட்டமோ போகலாம் என்பதால் 16. இரண்டு குதிரைகளுக்கும் இரண்டிரண்டு இடங்கள் என்பதால் 4. கறுப்புக்கும் அதே 20. ஆளுக்கு ஒரு முறை நகர்த்தி முடித்ததும் ஆட்டம் 400 விதங்களில் ஒன்றாக இருக்கும். வெள்ளை மறுபடி நகர்த்தினால் 8,902. கறுப்பு பதில் சொன்னால் 1,97,281. வெள்ளை மூன்றாவது முறை கை வைத்ததும் எண்ணிக்கை 48 லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. கணினிக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுக்கும் வழியை ஆராய்ந்து 1950-இல் புகழ்பெற்ற கட்டுரை எழுதிய கிளாட் ஷானன், நடக்கக்கூடிய மொத்த ஆட்டங்களை 1-க்குப் பின்னால் 120 சுழியங்கள் என்று மதிப்பிட்டார். நாம் காணக்கூடிய பிரபஞ்சத்தில் உள்ள அணுக்களுக்கு விஞ்ஞானிகள் சொல்லும் கணக்கு ஏறத்தாழ 1-க்குப் பின்னால் 80 சுழியங்கள்தான்.

இந்தக் காட்டுக்குள் ஒரு பத்து வயதுப் பிள்ளையை எந்தப் பாதையில் அனுப்புவது?

செங்கல்பட்டு மாவட்டத்தில் இது ஏட்டளவில் நிற்கும் கேள்வி அல்ல. மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. மாஸ்கோவில் நடக்க வேண்டிய போட்டி, உக்ரைன் போரினால் இடம் மாறி இந்தக் கடற்கரைக்கு வந்தது. 180-க்கும் மேற்பட்ட நாடுகள் அணி அனுப்பின. வேட்டி சட்டையில் கைகூப்பி நின்ற ‘தம்பி’ என்ற குதிரை ஊரெங்கும் வரவேற்றது. பொதுப் பிரிவில் உஸ்பெகிஸ்தான் தங்கம் வென்றது. குகேஷ், பிரக்ஞானந்தா, அதிபன் என்று தமிழ்நாட்டுக்காரர் மூவர் இடம்பெற்ற இந்தியாவின் இரண்டாவது அணி வெண்கலம் வென்றது. பெண்கள் பிரிவில் உக்ரைன் தங்கமும், இந்தியாவின் முதல் அணி வெண்கலமும் பெற்றன. அப்போது 16 வயதான குகேஷ் தொடர்ச்சியாக எட்டு ஆட்டங்களை வென்றார். எட்டாவது வெற்றி அமெரிக்காவின் ஃபாபியானோ கருவானாவுக்கு எதிரானது. அந்த வாரங்களில் மாவட்டத்தின் பள்ளிக்கூடங்களில் செஸ் பலகை வாங்காத பள்ளி அபூர்வம் என்று சொல்லும் அளவுக்கு ஆர்வம் பரவியது.

பலகை வந்துவிட்டது, சரி. பயிற்சியாளர்? ஆட்டத் தரவுகள் அடங்கிய மென்பொருள்? பெரிய போட்டிக்காரர்கள் ‘ஓப்பனிங்’ எனப்படும் தொடக்க ஆட்டத்துக்காக உதவியாளர் குழுவே வைத்துக்கொள்கிறார்கள். கணினி எஞ்சினோடு உட்கார்ந்து 20, 25 நகர்த்தல் வரை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். திருக்கழுக்குன்றத்திலோ கல்பாக்கத்திலோ பள்ளி முடிந்து வந்து ஆடும் பிள்ளைக்கு அதெல்லாம் எட்டாது. அப்படிப்பட்ட பிள்ளைக்குச் சதுரங்கம் திறந்து வைத்திருக்கும் ஒரு நல்ல வாசல் உண்டு. எதிராளி என்ன செய்தாலும் பெரும்பாலும் ஒரே அமைப்பில் காய்களைக் கொண்டுபோய் நிறுத்தும் முறை அது. ‘சிஸ்டம்’ என்று ஆட்டக்காரர்கள் சொல்வார்கள். அவற்றில் இன்று உலகம் முழுக்கப் பரவியிருப்பது லண்டன் சிஸ்டம்.

பலகையின் நெடுவரிசைகளுக்கு வெள்ளையின் இடப்பக்கத்திலிருந்து ஏ, பி, சி என்று எச் வரை பெயர். குறுக்கு வரிசைகளுக்கு 1 முதல் 8 வரை எண். லண்டன் சிஸ்டத்தில் வெள்ளை முதலில் ராணிக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை டி4-க்கு நகர்த்துகிறது. அடுத்து ராணிப் பக்கத்து பிஷப் எஃப்4-க்கு வருகிறது. பிறகு இ3, சி3 என்று இரண்டு சிப்பாய்கள். ஒரு குதிரை எஃப்3-க்கு, இன்னொன்று டி2-க்கு. மற்ற பிஷப் டி3-க்கு. மொத்தம் ஏழு நகர்த்தல். அதன்பின் ராஜா கேஸ்லிங் செய்து ஓரத்துக்குப் போய்விடும்.

இந்த ஏழையும் எந்த வரிசையில் ஆடுவது? ஏழு செயல்களை வரிசைப்படுத்த மொத்தம் 5,040 வழிகள் உண்டு. ஆனால் காய்களுக்குள் சில கட்டுப்பாடுகள் இருக்கின்றன. பிஷப் வெளியே வர டி சிப்பாய் முதலில் விலக வேண்டும். இ சிப்பாய் முந்திக்கொண்டு இ3-இல் நின்றுவிட்டால் பிஷப்புக்கு வழி அடைபடும். குதிரை டி2-இல் உட்கார்ந்தாலும் அதே அடைப்பு. டி3-க்குப் போக வேண்டிய இரண்டாவது பிஷப் இ சிப்பாய் நகரும்வரை காத்திருக்க வேண்டும். ஆக டி4 முன்னால், எஃப்4 பிஷப் அதன்பின் என்பது உறுதி. அடுத்து வரும் இ3, டி3 பிஷப், டி2 குதிரை ஆகிய மூன்றையும் 3 விதமாக வரிசைப்படுத்தலாம். சி3 சிப்பாய்க்கும் எஃப்3 குதிரைக்கும் கட்டுப்பாடே இல்லை. எங்கே வேண்டுமானாலும் நுழைத்துக்கொள்ளலாம். அந்த ஐந்துக்கு நடுவிலும் ஓரங்களிலும் முதலாவதை வைக்க 6 இடம், அதற்குப்பின் இரண்டாவதை வைக்க 7 இடம், ஆக 42. மூன்றை 42-ஆல் பெருக்கினால் 126.

கறுப்பு குறுக்கே வராத வரை, 126 வெவ்வேறு பாதைகளில் நடந்து ஒரே இடத்துக்கு வந்து சேரலாம். மற்ற ஓப்பனிங்குகளில் பாதை கிளை பிரிந்துகொண்டே போகும். இங்கே கிளைகள் ஒன்றில் வந்து கூடுகின்றன. சிஸ்டம் ஓப்பனிங்கின் அதிசயமே இதில்தான் இருக்கிறது. லட்சக்கணக்கில் பெருகும் நிலைகளைக் கறுப்பு உண்டாக்கலாம், ஆனால் பலகையின் வெள்ளைப் பாதி பெரும்பாலும் மாறாமல் இருக்கும். பிள்ளை புதிதாகப் பார்க்க வேண்டியது மறுபாதியைத்தான்.

ஏன் இந்த இடங்கள்? இதைச் சொல்லிக்கொடுக்காமல் ஏழு நகர்த்தலை மட்டும் சொல்லிக்கொடுப்பது பாதிப் பாடம் என்பது என் கருத்து. பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு கட்டங்களின் நிறத்தைப் பாருங்கள். சி3, டி4, இ3 மூன்றும் கறுப்புக் கட்டங்கள். மூன்று சிப்பாய்களும் ஒன்றை ஒன்று தாங்கும் முக்கோணமாக நிற்கின்றன. நடுவில் உள்ள டி4 சிப்பாயை யாராவது அடித்தால் இரண்டு பக்கத்திலிருந்தும் திருப்பி அடிக்கலாம். அசைக்க முடியாத அமைப்புதான், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. கறுப்புக் கட்டங்களில் மட்டுமே ஓடும் பிஷப் இந்த முக்கோணத்துக்கு உள்ளே இருந்தால், சொந்தச் சிப்பாய்களே அதற்குச் சுவராகிவிடும். அதனால்தான் கதவு சாத்தப்படும் முன்பே, அதாவது இ3 ஆடும் முன்பே, அது எஃப்4-க்கு வெளியேறிவிடுகிறது. வெள்ளைக் கட்டங்களில் ஓடும் இன்னொரு பிஷப்புக்கு அந்தக் கவலை இல்லை. சிப்பாய்கள் கறுப்புக் கட்டங்களில் நிற்பதால் வெள்ளைக் கட்டங்கள் திறந்து கிடக்கின்றன. டி3-இலிருந்து அது எச்7 வரை நேராகப் பார்க்கிறது. கறுப்பு ராஜா கேஸ்லிங் செய்து ஒதுங்கும் மூலை அதுதான்.

பெல்ஜிய ஆட்டக்காரர் எட்கார் கோல் (1897–1932) பெயரால் வழங்கும் கோல் சிஸ்டத்தில் கறுப்புக் கட்டங்களில் ஓடும் பிஷப்பை உள்ளேயே வைத்துக்கொண்டு முக்கோணத்தைக் கட்டுகிறார்கள். பிறகு இ4 என்று சிப்பாயைத் தள்ளி வழி திறக்கிறார்கள். லண்டனுக்கும் கோலுக்கும் உள்ள பெரிய வேறுபாடு அந்த ஒரு பிஷப் சுவருக்கு வெளியே நிற்கிறதா உள்ளே நிற்கிறதா என்பதே. மெக்சிகோவின் கார்லோஸ் டோரே அதே பிஷப்பை ஜி5 வரை கொண்டுபோய் நிறுத்தினார். 1925-இல் மாஸ்கோவில் முன்னாள் உலக சாம்பியன் லாஸ்கரை அவர் வீழ்த்திய ஆட்டத்தில் யானையும் பிஷப்புமாக மாறி மாறி ‘செக்’ வைத்துக் காய்களை வாரிய காட்சி இன்றும் பாடநூல்களில் உண்டு. இவையெல்லாம் ஒரே குடும்பம்.

லண்டன் அமைப்பு நின்றபின் வெள்ளையின் கனவுக் கட்டம் இ5. எஃப்3 குதிரை அங்கே ஏறி உட்கார்ந்தால் டி4 சிப்பாயும் எஃப்4 பிஷப்பும் அதைத் தாங்கும். கறுப்பின் ராஜாப் பக்கம் முழுக்க அந்தக் குதிரையின் பார்வையில் வந்துவிடும். கறுப்பு தன் பிஷப்பை டி6-இல் நிறுத்தி வெள்ளையின் பிஷப்பை எதிர்த்தால், வெள்ளை ஜி3-க்குப் பின்வாங்கலாம். கறுப்பு அங்கேயே வந்து அடித்தால் எச் சிப்பாயால் திருப்பி அடிக்க வேண்டும். உடனே எச் வரிசை திறந்து, மூலையில் தூங்கிக்கொண்டிருந்த யானை கறுப்பு ராஜாவின் வீட்டு வாசலைப் பார்க்கத் தொடங்கும். கறுப்பின் எஃப்6 குதிரை விலகிவிட்டால் இன்னொரு ஆபத்தும் உண்டு. டி3 பிஷப் எச்7-இல் போய்ச் சிப்பாயை அடித்துத் தன்னையே பலி கொடுக்கும். ராஜா அதை எடுத்தால் குதிரை ஜி5-க்கு வந்து ‘செக்’ வைக்கும். ராணி எச்5-க்கு இறங்கும். பல சமயம் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும்.

இந்த அமைப்புக்கு லண்டன் என்ற பெயர் எப்படி வந்தது என்பதில் நம் கடற்கரையோடு ஓர் அழகான தற்செயல் இருக்கிறது. ஜேம்ஸ் மேசன் போன்றவர்கள் 1880களிலேயே டி4-ஐ அடுத்து பிஷப்பை எஃப்4-க்குக் கொண்டுவந்து ஆடியவர்கள். ஆனாலும் பெயர் நிலைத்தது 1922 ஆகஸ்டில் லண்டனில் நடந்த பெரிய போட்டியால்தான். உலக சாம்பியன் காப்பாபிளாங்கா முதலிடமும் அலெகைன் இரண்டாமிடமும் பெற்ற போட்டி அது. நடுக்கட்டங்களைச் சிப்பாய்களால் பிடிக்காமல் ஓரத்து பிஷப்பால் தூரத்திலிருந்தே தாக்கும் புதுப் பாணி அப்போது பரவிக்கொண்டிருந்தது. அதற்கு மறுமொழியாகப் பலரும் இந்த அமைதியான அமைப்பை எடுத்தார்கள். அலெகைன் இதே அமைப்பில் ஆடி மாக்ஸ் ஊவேயை வென்றார். பின்னாளில் இருவருமே உலக சாம்பியன் ஆனார்கள். அந்தப் போட்டி நடந்து சரியாக நூறு ஆண்டு கழித்து, அதே ஆகஸ்ட் மாதத்தில், பூஞ்சேரியில் உலகம் கூடியது.

ஆனால் இந்த முறையின் உண்மையான வயது நூறு அல்ல, ஆயிரத்துக்கும் மேல். நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

சதுரங்கம் சுமார் 6ஆம் நூற்றாண்டில் வட இந்தியாவில் பிறந்தது என்பது பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் ஏற்கும் கருத்து. தேர், யானை, குதிரை, காலாள் என்ற நாற்படையைப் பலகையில் இறக்கிய விளையாட்டு அது. அங்கிருந்து பாரசீகத்துக்குப் போனது. மாமல்லபுரத்துக்குப் பெயர் தந்த முதலாம் நரசிம்மவர்மனின் படை 642-இல் வாதாபியைப் பிடித்தது நமக்குத் தெரியும். அதே 642-இல்தான் நகாவந்த் போரில் அரபுப் படை பாரசீகப் பேரரசை முறித்தது. அந்த வெற்றியின் வழியே சதுரங்கம் அரபு உலகுக்குள் நுழைந்தது. அங்கே அதற்கு ‘சத்ரஞ்ச்’ என்று பெயர். 9ஆம் நூற்றாண்டின் நடுவில், இங்கே நந்திக் கலம்பகத்தின் நாயகன் மூன்றாம் நந்திவர்மன் ஆண்ட காலத்தை ஒட்டி, அரபு உலகில் அல்-அத்லி என்ற ஆட்டக்காரர் சதுரங்கம் பற்றி நூல் எழுதினார். அடுத்த நூற்றாண்டில் அஸ்-சூலி அவரையும் மிஞ்சினார்.

அவர்கள் காலத்து ஆட்டம் மெதுவானது. ராணியின் இடத்தில் இருந்த மந்திரி குறுக்கே ஒரு கட்டம்தான் போகும். இன்று பிஷப் நிற்கும் இடத்தில் இருந்த யானை குறுக்கே இரண்டாவது கட்டத்துக்குத் தாவும், அவ்வளவுதான். சிப்பாய்க்கு முதல் அடியில் இரண்டு கட்டம் என்ற சலுகையும் கிடையாது. அதனால் இரு படைகளும் ஒன்றையொன்று தொடவே பன்னிரண்டு, பதினைந்து நகர்த்தல் ஆகும். அதுவரை ஒவ்வொருவரும் எதிராளியைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படாமல் தனக்குப் பிடித்த அணிவகுப்பை நிறுத்திக்கொள்வார்கள். அந்த அணிவகுப்புக்கு ‘தபியா’ என்று பெயர். ஒவ்வொரு தபியாவுக்கும் தனிப் பெயரும் இருந்தது: முஜன்னஹ் என்றால் சிறகு விரித்தது, சைஃப் என்றால் வாள், சய்யால் என்றால் வெள்ளம். மகாபாரதம் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. சக்கர வியூகம், கருட வியூகம் என்று நாள்தோறும் ஒரு அணிவகுப்பு நிறுத்தித்தான் அங்கே போர் தொடங்கும். சதுரங்கத்தின் முதல் ஓப்பனிங்குகள் எல்லாம் வியூகங்களே.

15ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவில் விதிகள் மாறின. மந்திரி ராணியானது, பலகையின் கோடி வரை பாயும் வலிமை அதற்கு வந்தது. பிஷப்பும் குறுக்கே முழு நீளம் ஓடத் தொடங்கியது. நான்காவது நகர்த்தலிலேயே ராஜா மாட்டிக்கொள்ளும் ஆபத்து வந்துவிட்டது. ‘நீ உன் பாட்டுக்கு நிறுத்து, நான் என் பாட்டுக்கு நிறுத்துகிறேன்’ என்ற காலம் போய், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பதில் தேட வேண்டிய காலம் வந்தது. அந்தப் பதில்களைத் தொகுத்து எழுதியவைதான் இன்றைய தடிமனான ஓப்பனிங் நூல்கள். லண்டன் போன்ற சிஸ்டங்கள் அந்தப் புயலுக்கு நடுவில் பழைய வியூகத்தை மீட்டெடுக்கின்றன. புதிய விதிகளின் கீழும் ஓர் அணிவகுப்பைப் பத்திரமாக நிறுத்த முடியும் என்று காட்டுகின்றன. ஆகவே இதைச் ‘சோம்பேறி ஓப்பனிங்’ என்று சிலர் ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. சதுரங்கம் தன் வாழ்நாளில் பாதிக்கு மேல் இப்படித்தான் ஆடப்பட்டிருக்கிறது.

புதிதாகக் கற்பவருக்கு இது ஏன் உதவுகிறது என்பதற்கு உளவியலில் நல்ல விளக்கம் இருக்கிறது. நெதர்லாந்தின் அட்ரியான் டி க்ரூட், தாமே நல்ல ஆட்டக்காரர். பெரிய ஆட்டக்காரர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஆராய்ந்து 1946-இல் வெளியிட்டார். அவர்கள் மற்றவர்களைவிடப் பல நகர்த்தல் ஆழமாகக் கணக்குப் போடுகிறார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவர் கண்டதோ வேறு. பலகையைச் சில விநாடி பார்த்ததுமே அவர்களுக்கு நிலை புரிந்துவிடுகிறது. 1973-இல் அமெரிக்காவில் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் இதைச் சோதித்தார்கள். உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த ஒரு நிலையை ஐந்து விநாடி காட்டிவிட்டு, நினைவிலிருந்து அடுக்கச் சொன்னார்கள். மாஸ்டர் நிலை ஆட்டக்காரர் சுமார் 16 காய்களைச் சரியாக வைத்தார். புதியவரால் நான்குதான் முடிந்தது. பிறகு காய்களை ஒழுங்கில்லாமல் இறைத்து வைத்துக் காட்டினார்கள். இப்போது மாஸ்டரின் மேன்மை ஏறத்தாழ மறைந்துவிட்டது.

மாஸ்டரின் நினைவாற்றல் பொதுவாகப் பெரியது என்று இதற்குப் பொருள் அல்ல. அவர் தனித்தனிக் காய்களைப் பார்ப்பதில்லை. சேர்ந்து நிற்கும் கொத்துகளைப் பார்க்கிறார். ‘கேஸ்லிங் செய்த ராஜா, முன்னால் மூன்று சிப்பாய், பக்கத்தில் யானை, எஃப்3-இல் குதிரை’ என்பது அவருக்கு ஒரே பொருள். தமிழ் படிக்கத் தெரிந்தவர் ‘செங்கல்பட்டு’ என்பதை எழுத்துக் கூட்டாமல் ஒரே பார்வையில் வாசிப்பதைப் போல. அப்படிப்பட்ட கொத்துகளை அவர் ஆயிரக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கிறார்.

இப்போது லண்டன் ஆடும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் அதே முக்கோணம், அதே இரண்டு பிஷப், அதே இ5 கட்டம். சில மாதத்தில் அந்த அமைப்பு ஒரே கொத்தாக மனத்தில் பதிந்துவிடும். வெள்ளையின் பக்கத்தைப் பார்க்கவே கவனம் செலவாகாது. மிச்சமாகும் கவனம் முழுவதும் எதிராளி என்ன செய்கிறார் என்பதில் போகும். வாரம் ஒரு புது ஓப்பனிங் கற்கும் பிள்ளைக்கு ஒரு கொத்தும் முழுமையாகப் பதிவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. கவனம் மிச்சமாகிறது என்று சொன்னேன். அதைச் செலவிடாமல் விட்டால் சிஸ்டம் பிள்ளையைக் கெடுத்துவிடும். எதிராளியின் நகர்த்தலைப் பார்க்காமலே ஏழையும் மளமளவென்று ஆடிவிட்டு, எட்டாவதில் திருதிருவென்று விழிக்கும் பழக்கம் வந்துவிடும். அது வராமல் தடுக்க வேண்டுமானால் அமைப்பின் பலவீனங்களைப் பிள்ளை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

பெரிய பலவீனம் பி2. அந்தக் கட்டத்துச் சிப்பாயைக் காத்துக்கொண்டிருந்த பிஷப் எஃப்4-க்குப் போய்விட்டது. கறுப்பு சி5 என்று சிப்பாயைத் தள்ளி ராணியை பி6-க்குக் கொண்டுவந்தால் பி2 தனியாக மாட்டிக்கொள்ளும். சி3 ஏற்கெனவே ஆடியிருந்தால் வெள்ளை ராணி பி3-க்கு வந்து எதிரே நிற்கலாம். ராணிகள் மாறினால் ஏ சிப்பாயால் திருப்பி அடித்து யானைக்கு ஏ வரிசையைத் திறந்துகொள்ளலாம். சி3 ஆடாமல் இருந்தால்? அங்கேதான் இந்த அமைதியான ஓப்பனிங்கின் மறைந்திருக்கும் கத்தி வெளியே வருகிறது. வெள்ளை பி2-ஐக் காக்காமலே குதிரையை சி3-க்கு நகர்த்துகிறது. ராணி ஆசைப்பட்டு பி2-ஐ எடுத்ததும் குதிரை பி5-க்குத் தாவுகிறது. இப்போது சி7 கட்டத்தைப் பாருங்கள். அங்கிருந்த சிப்பாய் சி5-க்குப் போய்விட்டது. அதைக் காத்த ராணி பி6-ஐ விட்டு பி2-க்குப் போய்விட்டது. எஃப்4 பிஷப் தூரத்திலிருந்து அதே கட்டத்தைக் குறி பார்க்கிறது. குதிரை அங்கே இறங்கினால் ராஜாவுக்குச் ‘செக்’, கூடவே மூலை யானைக்கும் அடி. கறுப்புக்கும் தடுப்பு உண்டு. ஆனால் அதை முன்பே அறியாதவர் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து கண்டுபிடிப்பது கடினம். சி3-இல் சிப்பாய் நிற்க வேண்டும் என்று மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளைக்கு இந்த நகர்த்தல் கண்ணிலேயே படாது.

இன்னொன்று. கறுப்பு ஜி6 ஆடி, பிஷப்பை ஜி7-இல் நிறுத்தினால் வெள்ளையின் டி3 பிஷப் ஒரு கற்பாறையைப் பார்த்துக்கொண்டிருக்கும். எச்7-ஐ நோக்கிய பாதையை ஜி6 சிப்பாய் மறித்துவிட்டது. கறுப்பு பிறகு இ5 என்று சிப்பாயைத் தள்ளவும் பார்க்கும். அதனால் அனுபவசாலிகள் அந்த பிஷப்பை இ2-இல் அடக்கமாக வைத்து, எச்3 ஆடி, மற்ற பிஷப்புக்கு எச்2-இல் ஒரு புகலிடம் செய்துகொள்கிறார்கள். கறுப்புக் குதிரை எச்5-க்கு வந்து துரத்தினாலும் அது அங்கே ஒளிந்துகொள்ளும். சிஸ்டம் என்று பெயர் இருந்தாலும், எப்போது மாற்ற வேண்டும் என்று தெரிந்தவருக்கே அது முழுப் பலன் தரும்.

உச்ச நிலை ஆட்டத்தில் இதற்கு மதிப்பு உண்டா? எஞ்சின்கள் லண்டனில் வெள்ளைக்குப் பெரிய முன்னிலை காட்டுவதில்லை. இருந்தும் 2016-இல் டாடா ஸ்டீல் போட்டியில் மேக்னஸ் கார்ல்சன் இதை ஆடி ரஷ்யாவின் தோமாஷெவ்ஸ்கியை 30 நகர்த்தலில் வென்றார். 2023-இல் அஸ்தானாவில் நடந்த உலக சாம்பியன் போட்டியில், சீனாவின் டிங் லிரென் பின்தங்கியிருந்த நேரத்தில் ஆறாவது ஆட்டத்தில் லண்டனை எடுத்து நெப்போம்னியாச்சியை வென்று சமன் செய்தார். பன்னிரண்டாவது ஆட்டத்தில் கோல் சிஸ்டம், அதிலும் வெற்றி. எல்லா ஓப்பனிங்குகளையும் கணினி குடைந்துவிட்ட காலத்தில், எதிராளியின் மனப்பாடத்தை விட்டு விலகிப் புது நிலையில் இருவரும் சொந்த மூளையால் ஆடுவதற்கு இந்த அமைப்பு இடம் தருகிறது. பெரியவர்கள் இதை நாடுவதற்கு அதுவே காரணம்.

அடுத்த ஆண்டு சிங்கப்பூரில் டிங்குக்கு எதிரே உட்கார்ந்தவர் பூஞ்சேரியில் எட்டுக்கு எட்டு எடுத்த அதே குகேஷ். 2024 டிசம்பர் 1 அன்று ஆறாவது ஆட்டத்தில் டிங் மறுபடியும் லண்டனை எடுத்தார். அந்த ஆட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் 26ஆவது நகர்த்தல். ஒரே நிலையைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து டிரா செய்துகொள்ள வழி இருந்தது. நிலையும் கறுப்புக்கு அப்படியொன்றும் சாதகமாக இல்லை. குகேஷ் அந்த டிராவை மறுத்து ராணியை எச்4-க்கு நகர்த்தி ஆட்டத்தைத் தொடர்ந்தார். ஆட்டம் 46 நகர்த்தலில் டிராவில் முடிந்தது என்னவோ உண்மைதான். ஆனால் வெள்ளையின் வியூகம் எவ்வளவு பத்திரமானதாக இருந்தாலும் அதற்கு எதிரே ஆட இன்னும் ஏதோ இருக்கிறது என்று நம்பிய 18 வயதுப் பையனின் முடிவு அது. டிசம்பர் 12 அன்று அவர் உலக சாம்பியன் ஆனார்.

பள்ளியில் செஸ் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். இந்த ஏழு நகர்த்தலையும் தாராளமாகச் சொல்லிக்கொடுங்கள். முதல் ஓராண்டுக்குப் பிள்ளைக்கு அது போதும். சொல்லிக்கொடுக்கும்போதே ஒவ்வொரு காயும் ஏன் அங்கே நிற்கிறது என்று கேட்டு, பதிலைப் பிள்ளையின் வாயிலிருந்தே வாங்குங்கள். கறுப்பின் ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பிறகும் கையைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டு, ‘அவர் எதை அடிக்கப் பார்க்கிறார்?’ என்று சொல்ல வையுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது பலகையைத் திருப்பி வைத்து, கறுப்புக் காய்களோடு இதே லண்டனை எதிர்த்து ஆடச் சொல்லுங்கள். பி2-ஐ எப்படித் தாக்குவது, சி7-இல் எப்படி மாட்டிக்கொள்ளாமல் இருப்பது என்பதை அந்தப் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கற்க முடியும். இதற்குப் பயிற்சிக் கட்டணமோ மென்பொருளோ வேண்டியதில்லை. ஒரு பலகையும் இரண்டு பேரும் போதும்.